மசியின் மூக்கில் பிளேட்: வாசகர் கேள்வி – பதில்

வயல் மட்டம் எடுக்கவும், உடைத்த வரம்பைக் கட்டவும், வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலை ஒதுக்கவும் பழைய உழவு இயந்திரங்களுக்கு முன்பக்கத்தில் பிளேட் (மண் தள்ளும் அகலத் தகடு) பூட்டுவது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம். கனடாவில் உள்ள உறவினருக்காக ஒருவர் அனுப்பிய கேள்வியும் இதே விடயத்தைத் தொடுவதால் அதையும் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் மசி பெர்குசன் 135 இருக்கிறது. மேட்டு வயலைச் சரிக்கட்ட முன்னுக்கு ஒரு பிளேட் பூட்ட விருப்பம். முன் அச்சைத் தாங்கும் வார்ப்பில் உள்ள துளைகளிலேயே பூட்டிவிடலாம், செலவும் குறைவு என்கிறார் ஒட்டுவேலைக்காரர். சரிதானா? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: பூட்டலாம், வேலையும் செய்யும். ஆனால் இயந்திரம் இரண்டாகப் பிரிவதற்கு நாள் குறித்த மாதிரித்தான்.

லொறிக்கு இருப்பதுபோல மசிக்குச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது. முன் வார்ப்பு, எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு எல்லாம் ஒன்றோடொன்று போல்ட்டால் இறுக்கப்பட்டு, அந்தக் கோர்வையே முதுகெலும்பாக நிற்கிறது. தள்ளும் பலம் பிறப்பது பின் சில்லுகளில். பிளேட் முன் வார்ப்பில் தொங்கினால் அந்தப் பலம் முழுவதும் எஞ்சினுக்குள்ளால் ஓடித்தான் மண்ணுக்குப் போகவேண்டும். மண் எதிர்ப்பதோ நிலமட்டத்தில், எஞ்சினுக்கு வெகு கீழே. ஆகவே ஒவ்வொரு தள்ளலிலும் எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் மூட்டு வளையப் பார்க்கும். முதலில் போல்ட் தளரும், பிறகு துளைகள் நீள்வட்டமாகும், கடைசியில் வார்ப்பின் காது வெடிக்கும். வார்ப்பிரும்பை ஒட்டி எடுப்பது எவ்வளவு பாடு என்பது ஒட்டுவேலைக்காரருக்கே தெரியும்.

ஏற்கெனவே இப்படிப் பூட்டி ஓட்டுபவர்கள் இதைப் பாருங்கள்: முன் வார்ப்பின் போல்ட் தலைகளைச் சுற்றி செம்மண் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருக்கும். நம் பக்கத்து மண் என்று நினைத்து விட்டுவிடுவோம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, ஈரவயலில் ஒரு மணிநேரம் வேலை செய்து, மறுபடி பாருங்கள். சேறு பட்டிருக்கலாம், ஆனால் காய்ந்த தூள் அந்தத் தலையைச் சுற்றி மட்டும் திரும்ப வந்திருந்தால் அது இரும்பு இரும்போடு உரசி வரும் துரு. அந்த போல்ட் அசைகிறது.

சரியான வழி, இயந்திரத்தின் அடியால் ஒரு துணைச் சட்டம் ஓட்டி, பலத்தைப் பின் அச்சிலேயே கொண்டுபோய் நிறுத்துவது. 100 × 50 × 6 மி.மீ. சனல் (‘ப’ வடிவ உருக்குச் சட்டம்) இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக. பின் முனையில் 12 மி.மீ. தகடு, அதைப் பின் அச்சுக் கூட்டோடு 20 மி.மீ. யூ-போல்ட் இரண்டிரண்டால் கட்டவேண்டும். கூட்டில் ஒட்டுப்போட விடாதீர்கள், அது வார்ப்பு. முன் முனை முன் வார்ப்பில் பிடிக்கலாம், ஆனால் சட்டம் பக்கவாட்டில் ஆடாமலும் தொங்காமலும் இருக்க மட்டும். அந்த முன் போல்ட்டின் துளையை 3–4 மி.மீ. நீளவாக்கில் விட்டுவைத்தால் தள்ளும் பலம் அங்கே ஏறாது.

சனல் எவ்வழியால் போகிறது என்பதில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். மசி 35, 135 இரண்டிலும் ஸ்டியரிங் தண்டுகள் இரு பக்கமும் ஓடுகின்றன. முன் அச்சின் ஒரு பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, ஸ்டியரிங்கை இரு கரையும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு மற்றப் பக்கம். எங்கும் 25 மி.மீ. இடைவெளி இருக்கவேண்டும். சம்ப் ஒயில் திறக்கும் ஆணி, கிளச் கூட்டின் அடித்துளை, பிரேக் தண்டுகள் ஆகியவற்றை மறைக்கவும் கூடாது. ஒயில் மாற்ற ஒவ்வொருமுறையும் சட்டத்தைக் கழற்றவேண்டி வந்தால், நீங்கள் ஒயில் மாற்றப்போவதில்லை.

பிளேட்டின் அகலத்தைக் கணக்குப் பார்த்தே வெட்டுங்கள். பின் சில்லுகளின் நடு-நடு அளவு 56 அங்குலம், ரயர் 12.4 அங்குலம் என்றால் வெளி அகலம் ஏறத்தாழ 1.74 மீற்றர். நேராக மட்டும் தள்ளுவதென்றால் 1.8 மீற்றர் போதும். 25 பாகை சரித்துத் தள்ளும்போது அதே பிளேட் 1.63 மீற்றர்தான் மூடும்; பின் சில்லு நீங்கள் ஒதுக்கிய மண்ணிலேயே ஏறும். சரிக்கும் வசதி வேண்டுமானால் 1.95 மீற்றர் வையுங்கள். உயரம் 500–550 மி.மீ., தகடு 6 மி.மீ., பின்னால் குறுக்கு விலா நாலு. கீழ் விளிம்பு நிலத்தை 50–55 பாகையில் சந்தித்தால் மண் உருண்டு முன்னேறும். இதைவிட நிமிர்ந்தால் சுரண்டும், படுத்தால் புதையும்.

வெட்டு விளிம்புக்கு லொறி வில்லுத் தகட்டை ஒட்டுவது எங்கும் நடக்கிறது. அது கரிமம் கூடிய உருக்கு. குளிர்ந்த தகட்டில் சாதாரணக் குச்சியால் ஒட்டினால் ஒட்டின் ஓரத்தில் மயிர்வெடிப்பு விழுந்து, ஒரு பாலை அடிக்கட்டையில் முட்டியதும் கழன்று போகும். ஒட்டத்தான் வேண்டுமென்றால் 250 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, நன்கு காய்ந்த லோ-ஹைட்ரஜன் குச்சியால் ஒட்டி, சாம்பலில் மூடி மெல்ல ஆறவிடவேண்டும். இதைவிட, தேய்ந்து கழித்த கிரேடர் (வீதி மட்டம் எடுக்கும் இயந்திரம்) விளிம்பை வாங்கி அதன் துளைகளிலேயே போல்ட் போடுவது நல்லது. தேய்ந்ததும் திருப்பிப் போடலாம்.

காடு வெட்டித் திருத்திய நிலத்தில் மண்ணுக்குள் வீரை, முதிரை வேர்கள் எத்தனை வருடமும் உக்காமல் கிடக்கும். பிளேட் முட்டினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கவேண்டும். கீழ் மூன்றிலொரு பங்கில் கீல் வைத்து, மேலே இரு பக்கமும் 10 மி.மீ. மெல்லிரும்பு போல்ட்டால் பூட்டுங்கள். முட்டினால் அது அறுந்து பிளேட் முன்னே மடியும். அறுகிறதே என்று உயர்தர போல்ட் போட்டால் அடுத்த முறை வளைவது சனல். பற்றறி வயரைக் கழற்றாமல் இயந்திரத்தில் ஒட்டுவேலை செய்ய விடவேண்டாம். ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே எர்த் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் பெயாரிங்குகளால் ஓடும்.

கேள்வி: மசி 35 இல் பிளேட் பூட்டி, லிப்டிலிருந்தே (பின்னால் கருவி தூக்கும் ஹைட்ரோலிக்) ஒயில் எடுத்திருக்கிறோம். மிக மெதுவாகத்தான் எழும்புகிறது. கிளச்சை மிதித்தால் பாதியில் நின்றும் விடுகிறது. பம் தேய்ந்துவிட்டதா? (பரந்தன் வாசகர்)

பதில்: பம் நன்றாகவே இருக்கலாம். மசியின் ஹைட்ரோலிக் பம் கியர்பொக்ஸுக்குப் பின்னால், ஒயிலுக்குள், பி.ரி.ஓ. தண்டிலேயே (பூட்டும் கருவிகளைச் சுழற்றப் பின்னால் வலு தரும் தண்டு) இருக்கிறது. பி.ரி.ஓ. நெம்பை விடுவித்தால் பம் நிற்கும். ஒற்றைக் கிளச் இயந்திரத்தில் கிளச்சை மிதித்தாலும் நிற்கும். இரட்டைக் கிளச் என்றால் அரைவாசி மிதிக்கையில் ஓட்டம் மட்டும் நிற்கும், பம் சுழலும். உங்களுடையது ஒற்றைக் கிளச் என்று தெரிகிறது. பிளேட்டைத் தூக்கிக்கொண்டே கியர் மாற்ற இயலாது. முதலில் தூக்கி, பிறகு மாற்றப் பழகுங்கள்.

மெதுவுக்குக் காரணம் சிலிண்டரின் பருமன். இரண்டு சிலிண்டர், உள்விட்டம் 63 மி.மீ., ஓட்டம் 250 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நிரம்ப 1.5 லீற்றருக்கு மேல் வேண்டும். பம் நிமிடத்துக்கு 12 லீற்றர் அளவில் தந்தால் எட்டு விநாடி, எஞ்சினை மெதுவாக விட்டால் பதினைந்து. உள்விட்டம் 50 மி.மீ. சிலிண்டர் ஒன்றை நடுவில் வைத்தால் அரை லீற்றர் போதும், இரண்டரை விநாடியில் எழும்பும். 150 பார் அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட 3 தொன் தள்ளும். 200 கிலோ பிளேட்டுக்கு இதுவே ஏராளம்.

பிளேட்டைத் தூக்கும்போது பின் கைகளும் (லிப்டின் கைகள்) சேர்ந்து எழும்பித் தொல்லை தந்தால் அவற்றைச் சங்கிலியால் கட்டுவது வழக்கம். கட்டினால் நெம்பை மேலே போட்டபடி மறந்துவிடவேண்டாம், அழுத்தம் முழுவதும் அடைபட்டுப் பம்மும் ஒயிலும் சூடாகும். இன்னொன்று: சேற்றில் உழுத இயந்திரத்தின் கியர்பொக்ஸ் ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். அதே ஒயில்தான் இப்போது சிலிண்டருக்கும் போகிறது. தண்டில் துருப்புள்ளி விழுந்தால் சீல் நிலைக்காது. ஏறத்தாழ 30 லீற்றரையும் மாற்றிய பிறகே சிலிண்டரைப் பூட்டுங்கள்.

கீழ்நோக்கியும் அழுத்தும் இரட்டைவழிச் சிலிண்டர் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மட்டம் எடுக்கும் வேலைக்கு வேண்டாம். பிளேட்டை நிலத்துக்குள் அழுத்தினால் முன் சில்லு மேலே வரும், ஸ்டியரிங் கைவிட்டுப்போகும். தன் பாரத்தில் மிதக்கும் பிளேட் மேடு பள்ளத்தைத் தானே பின்தொடரும்.

கேள்வி: மசியின் முன் வார்ப்பில் கழன்ற போல்ட்டுக்குப் பதிலாகப் புதிய 16 மி.மீ. போல்ட் வாங்கினேன். இரண்டு சுற்றுப் போய் இறுகி நிற்கிறது. நீட்டுக்குழாய் போட்டு இறுக்கலாமா? (நெடுங்கேணி வாசகர்)

பதில்: உடனே கழற்றுங்கள். உங்கள் இயந்திரம் அங்குல மரை. ஐந்தெட்டு (5/8) அங்குல போல்ட்டின் பருமன் 15.88 மி.மீ., கண்ணுக்கு 16 என்றுதான் தெரியும். ஆனால் அதன் கரடு மரை அங்குலத்துக்கு 11, நீங்கள் வாங்கியதோ 2 மி.மீ.க்கு ஒன்று. பலவந்தமாக இறுக்கினால் வார்ப்பின் மரை உரிந்து வரும். பழைய போல்ட்டையே கடைக்குக் கொண்டுபோய், மரைக்கு மரை வைத்து ஒளியில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். துளைக்குள் ஐந்தெட்டு ரப் (மரை வெட்டும் கருவி) ஒன்றைக் கையால் ஓட்டித் துப்புரவாக்கிவிட்டுப் பூட்டவும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் சித்தப்பா பழைய மசி 135 ஒன்று வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வரும் நீண்ட பாதையில் பனி ஒதுக்க முன்னுக்கு ஸ்னோ புளோவர் பூட்ட ஆசைப்படுகிறார். இங்கே பிளேட் பூட்டுகிற துணைச் சட்டமே போதுமா? (மல்லாவி வாசகர்)

பதில்: சட்டத்தின் தத்துவம் அதேதான்: பலம் பின் அச்சுக்கு. ஆனால் பிளேட் வெறுமனே தள்ளும்; ஸ்னோ புளோவர் சுழலவேண்டும். திருகாணி போன்ற ஓகர் பனியை நடுவுக்கு இழுக்க, பின்னால் உள்ள விசிறி அதைப் புகைபோக்கி மாதிரி நிற்கும் குழாயால் தூர எறிகிறது. அதற்குச் சுழல்வலு முன்னுக்கு வேண்டும், 135 இலோ பி.ரி.ஓ. பின்னால் மட்டும்.

முன்னுக்கு வலு கொண்டுவர இரண்டு வழி. ஒன்று, பின் பி.ரி.ஓ.விலிருந்து ஒரு மாற்றுப் பெட்டி மூலம் கீழிறக்கி, வயிற்றுக்கு அடியால் தண்டு ஓட்டி முன்னுக்கு எடுப்பது. மற்றது, எஞ்சினின் கிராங்க் புளியிலிருந்து (முன்னால் பெல்ட் ஓடும் சில்லு) நேரே எடுப்பது. இரண்டிலும் சுழலும் திசை பார்க்கவேண்டும். பின்னால் நின்று பார்த்தால் பி.ரி.ஓ. வலஞ்சுழியாகச் சுற்றும். மாற்றுப் பெட்டி சங்கிலிப் பெட்டியாக இருந்தால் அதே திசை அப்படியே முன்னுக்கு வரும். பின்னால் பூட்டவென்று செய்த புளோவரை முன்னுக்குத் திருப்பி வைத்ததால் அதற்கு அது தலைகீழ்த் திசை. ஓகர் பனியை வெளியே தள்ளும், குழாயால் ஒன்றும் வராது. ஒன்றோடொன்று கடிக்கும் இரண்டு பல்லுச்சில்லு உள்ள பெட்டி திசையை மாற்றித் தரும். கிராங்க் புளியில் எடுத்தால் திசை சரி, ஏனென்றால் எஞ்சின் முன்னால் நின்று பார்த்தால் வலஞ்சுழி. அங்கே பிரச்சினை வேகம்: புளோவருக்கு வேண்டியது 540, எஞ்சின் ஓடுவது அதைப்போல மூன்று நாலு மடங்கு. பெல்ட் புளிகளால் குறைக்கவேண்டும், இடையில் கழற்றிப் பூட்டும் கிளச் ஒன்றும் வேண்டும்.

அடியால் ஓடும் தண்டில் இரு முனை மூட்டுகளின் கோணமும் சமமாகவும், இரு கவைகளும் ஒரே தளத்திலும் இருக்கவேண்டும். ஒன்று கால்வட்டம் திரும்பிப் பூட்டப்பட்டால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து இயந்திரமே அதிரும். உள்ளே வெளியே நீளும் குழாய்கள் எப்போதும் மூன்றிலொரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கவேண்டும். தண்டு மூடி இல்லாமல் ஒருநாளும் ஓட்டக்கூடாது. குளிர் உடுப்பின் ஓரம் சிக்கினால் கை எடுக்க நேரமிராது.

அகலம்: 135 பி.ரி.ஓ.வில் தருவது ஏறத்தாழ 38 குதிரைவலு. அடிக்கு 6–7 குதிரைவலு என்று பார்த்தால் ஐந்தரை அடி, அதாவது 66 அங்குலம். பின் சில்லுகளை 52 அங்குல அளவுக்குள் எடுத்தால் வெளி அகலம் 64 அங்குலம் வரும், புளோவர் வெட்டிய தடத்துக்குள் அடங்கும். ஈரப்பனியை வாரும்போது மிக மெதுவாக ஊரவேண்டும், ஆனால் பி.ரி.ஓ. வேகம் குறையக்கூடாது. ஒற்றைக் கிளச் 135 இதற்கு ஒத்துவராது; நிறுத்த மிதித்த கணமே புளோவரும் நிற்க, குழாய் அடைபடும். அடைப்பை எடுக்க எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்து, எல்லாம் அசைவற்றதும் தடியால் குத்தி எடுக்கவேண்டும், கையால் ஒருபோதும் வேண்டாம். ஓகரின் அறும் போல்ட்டுக்கு நாம் மேலே சொன்னதே விதி: கையேட்டில் உள்ள தரம், அதற்கு மேல் வேண்டாம்.

எங்கள் அபிப்பிராயம்: வீட்டுப் பாதை ஒன்றுக்குத்தான் என்றால் பின்பக்க மூன்று புள்ளியில் (இரு லிப்ட் கைகளும் மேல் தண்டும்) பூட்டும் புளோவரே வாங்கச் சொல்லுங்கள். பி.ரி.ஓ. அங்கேயே இருக்கிறது, சட்டமும் மாற்றுப் பெட்டியும் வேண்டாம், பாரம் பின் சில்லில் விழுவதால் பிடிப்பும் கூடும். பின்னால் திரும்பிப் பார்த்து ஓட்டுவதில் கழுத்து நோகும், அவ்வளவுதான். முன்னுக்கே வேண்டுமென்றால், 135க்கென்றே செய்த சட்டமும் தண்டும் பெட்டியும் சேர்ந்த முழுத்தொகுதி கைமாறி வரும்வரை காத்திருப்பது, வேறொன்றுக்குச் செய்ததை வெட்டி ஒட்டுவதிலும் மலிவாக முடியும். இங்கே நாம் பின் ரயருக்குள் வெறும் தண்ணீர் நிரப்புகிறோம். அங்கே அது கட்டியாக உறைந்துவிடும், கல்சியம் குளோரைட் கரைசல் வேண்டும். அது ரிம்மை அரிக்கும், ரியூப் இல்லாமல் நிரப்பக்கூடாது.

கேள்வி: பிளேட் பூட்டியதிலிருந்து ஸ்டியரிங் பாரமாகி, முன் சில்லு ஆடுகிறது. பின் ரயரில் தண்ணீர் நிரப்பியும் குறையவில்லை. (செட்டிகுளம் வாசகர்)

பதில்: தண்ணீர் பின் சில்லுக்குப் பிடிப்புத் தரும், முன் அச்சின் பாரத்தை ஒரு கிலோவும் குறைக்காது. தண்ணீர் நிற்பது பின் அச்சுக்கு நேரே அல்லவா. கணக்கு இப்படி: அச்சுகளுக்கு இடையே 1.83 மீற்றர், 200 கிலோ பிளேட் முன் அச்சுக்கு 0.9 மீற்றர் முன்னே தொங்கினால் முன் அச்சில் கூடுவது 200 அல்ல, ஏறத்தாழ 300 கிலோ. மேலதிக 100 கிலோ பின்னாலிருந்து தூக்கி முன்னுக்கு வந்தது. அதை ஈடுசெய்ய பின் கைகளில், அச்சுக்கு 0.9 மீற்றர் பின்னால், 200 கிலோ கொங்கிறீற் கட்டி ஒன்று தொங்கவிடுங்கள். 0.08 கனமீற்றர் கொங்கிறீற் அந்தப் பாரம் வரும். ஒரு பீப்பாயை 40 சதவீதம் நிரப்பி, குறுக்கே குழாய் ஒன்றை வைத்து வார்த்தாலே போதும்.

ஆட்டத்துக்கு: அச்சை ஜக்கில் உயர்த்தி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். சில்லு மட்டும் ஆடினால் பெயாரிங். சுரையை இறுக்கி, சில்லு பாரமாகச் சுற்றத் தொடங்கியதும் ஒரு பல்லுப் பின்வாங்கி ஊசி போடவும். கிங்பின்னும் (முன் சில்லு திரும்பும் ஆணி) சேர்ந்து ஆடினால் புஷ் மாற்றவேண்டும். அச்சின் நடு ஆணியையும் மறக்கவேண்டாம், கிறீஸ் காணாமல் முதலில் தேய்வது அது. முன் ரயர் 6.00-16 ஆறு பிளை (நூல் அடுக்கு) என்றால் எட்டுப் பிளைக்கு மாறுங்கள். காற்று ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவு.

கேள்வி: லான்ட் மாஸ்டருக்கு (இரு சில்லு உழவு இயந்திரம்) முன் பிளேட்? (பூநகரி வாசகர்)

பதில்: வேண்டாம். பாரமும் இல்லை, பிடிப்பும் இல்லை. பிளேட் மண்ணில் கொழுவியதும் கைபிடி மேலே அடிக்கும். தண்ணீர் கட்டிய வயலில் பின்னால் பலகை கட்டி இழுங்கள்.